ஆற்று வெள்ளத்தைக் கணினியில் ஓடவிட்டுப் பார்ப்பது எப்படி? நகரத் திட்டமிடலுக்கான முழுமையான வழிகாட்டி

வெள்ள மாடல், அதாவது ஆற்றையும் நிலத்தையும் கணினியில் அமைத்து அதில் வெள்ளத்தை ஓடவிடும் கணக்கு, கடைசியில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: இவ்வளவு பெரிய வெள்ளம் வந்தால், இந்த இடத்தில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு ஏறும்? மருத்துவமனையின் ஜெனரேட்டரை எந்த உயரத்தில் வைப்பது, எந்தச் சாலை வழியாக மக்களை வெளியேற்றுவது, எந்த நிலத்தில் வீட்டுமனைக்கு அனுமதி மறுப்பது என நகரம் எடுக்கும் முடிவுகள் எல்லாம் அந்த மட்டத்தை நம்பியே நிற்கின்றன. அதில் அரை மீட்டர் கூடினாலோ குறைந்தாலோ முடிவே தலைகீழாகிவிடும். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு படியிலும் அந்த அரை மீட்டர் பிழை எந்த வழியாக நுழைகிறது, அதை எப்படி மறிப்பது என்பதைத்தான் முதன்மையாகப் பேசப்போகிறோம். மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது இதில் மிகச் சிறிய பகுதி.

படி 1: எந்த முடிவுக்காக இந்த மாடல்?

கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: யார், எந்த முடிவை, எத்தனை சென்டிமீட்டர் துல்லியத்தில் எடுக்கப்போகிறார்கள்? ஒரு பெரிய வடிநிலம் (மழைநீர் வடிந்து ஆற்றில் சேரும் நிலப்பரப்பு) முழுவதிலும் அபாயம் எங்கே அதிகம் என்று முதல் பார்வை பார்க்க, நிலத்தை 30 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் தரும் இலவச உயரத் தரவு போதும். வெள்ளச் சுவரை எவ்வளவு உயர்த்துவது என்ற கேள்விக்கு அதே தரவைப் பயன்படுத்தினால் விடை வெறும் ஊகம்தான்.

எத்தனை பெரிய வெள்ளத்துக்குத் திட்டமிடுவது என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். '100 ஆண்டு வெள்ளம்' என்ற சொல் பலரை ஏமாற்றுகிறது. நூறு ஆண்டுக்கு ஒருமுறை முறைவைத்து வரும் வெள்ளம் அல்ல அது; ஒவ்வோர் ஆண்டும் வருவதற்கு 1% வாய்ப்புள்ள வெள்ளம். 30 ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் அது ஒருமுறையாவது வர 26% வாய்ப்பு உண்டு. 50 ஆண்டில் ஏறக்குறைய 40%. கூட்டங்களில் '100 ஆண்டு' என்று சொல்வதைவிட 'ஆண்டுக்கு 1%' என்று சொல்லிப் பழகுவது நல்லது. போன ஆண்டுதான் வந்துவிட்டது, இனி கவலையில்லை என்ற பேச்சுக்கு அப்போது இடமிருக்காது.

படி 2: ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும்?

இதற்கு இரண்டு வழிகள். இயன்றால் இரண்டையும் செய்து ஒப்பிடுங்கள்.

முதல் வழி, ஆற்று அளவு நிலையத்தின் பதிவுகள். ஒவ்வோர் ஆண்டிலும் பதிவான உச்ச ஓட்டத்தை (ஒரு விநாடியில் கடந்துபோகும் தண்ணீரின் அளவு) மட்டும் எடுத்து வரிசையாக்கி, கம்பெல், ஜி.இ.வி., லாக்-பியர்சன் மூன்றாம் வகை போன்ற புள்ளியியல் பரவல்களில் ஒன்றைப் பொருத்த வேண்டும். கம்பெலில் கணக்கு எளிது: சராசரியோடு திட்ட விலக்கத்தின் ஒரு மடங்கைக் கூட்டுவது. நீண்ட பதிவுக்கு அந்த மடங்கு 10 ஆண்டுக்கு 1.30, 50 ஆண்டுக்கு 2.59, 100 ஆண்டுக்கு 3.14. ஆண்டு உச்சங்களின் சராசரி விநாடிக்கு 800 கன மீட்டர், திட்ட விலக்கம் 300 என்றால், 100 ஆண்டு ஓட்டம் 800 + 3.14 × 300, அதாவது சுமார் 1,740 கன மீட்டர். பதிவு 25 ஆண்டுக்குத்தான் இருக்கிறது என்றால் மடங்கு இன்னும் கூடும். விடையைச் சுற்றியுள்ள நிச்சயமின்மையும் கூடும். பதிவின் நீளத்தைப்போல இரண்டு மூன்று மடங்குக்கு மேல் நீட்டிக் கணக்கிட்ட எண்ணை ஒற்றை எண்ணாக எழுதாமல், மேல் வரம்பும் கீழ் வரம்பும் சேர்த்தே எழுதுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலான நிலையங்களில் வெள்ளத்தின்போது அளக்கப்படுவது நீர்மட்டம் மட்டுமே. அந்த மட்டத்தை ஓட்டமாக மாற்றுவது ஒரு மட்ட–ஓட்ட வளைகோடு. வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது படகில் போய் வேகத்தை அளந்தவர்கள் அரிது என்பதால், அந்தக் கோட்டின் மேல்பகுதி பெரும்பாலும் கீழ்ப்பகுதியை நீட்டி வரைந்ததாகவே இருக்கும். ஆறு கரையைத் தாண்டியதும் கோடு வளைந்துவிடும். நீட்டி வரைந்த கோட்டுக்கு அது தெரியாது. ஆகவே நிலையத்தாரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: நேரடியாக அளந்த மிக அதிகமான ஓட்டம் எவ்வளவு? அது 400 என்றும் பட்டியலில் உச்சம் 1,500 என்றும் இருந்தால், அந்த 1,500 ஒரு மதிப்பீடு மட்டுமே. இன்னொன்று: பதிவுக் காலத்தின் நடுவில் மேலே ஓர் அணை கட்டப்பட்டிருந்தால், அணைக்கு முந்தைய ஆண்டுகளையும் பிந்தைய ஆண்டுகளையும் ஒரே வரிசையில் கலக்கக் கூடாது. அவை இரண்டும் வேறு வேறு ஆறுகள்.

இரண்டாவது வழி, மழையிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடுவது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் நீரியல் மையம் இலவசமாகத் தரும் ஹெக்-எச்.எம்.எஸ். இதற்கு ஏற்ற கருவி. வடிநிலத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பெய்யும் மழையில் எவ்வளவு மண்ணுக்குள் போகிறது, எவ்வளவு வழிந்தோடுகிறது என்று கணக்கிட வேண்டும். பரவலாகப் பயன்படுவது வளைவெண் முறை: நிலம் தண்ணீரை எவ்வளவு குறைவாக உறிஞ்சுகிறதோ அவ்வளவு பெரிய எண். வளைவெண் 70 உள்ள நிலத்தில் 150 மி.மீ. மழை பெய்தால் சுமார் 69 மி.மீ. வழிந்தோடும். அதே நிலம் கட்டடங்களும் சாலைகளுமாகி வளைவெண் 85 ஆனால் 107 மி.மீ. வழிந்தோடும். ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மி.மீ. என்பது 1,000 கன மீட்டர் தண்ணீர். ஆக, 100 சதுர கி.மீ. வடிநிலத்தில், மழை ஒரு துளிகூடக் கூடாமலே 38 லட்சம் கன மீட்டர் அதிகமாக ஆற்றுக்கு வருகிறது. நகரம் தன் வெள்ளத்தைத் தானே வளர்த்துக்கொள்வது இப்படித்தான். அதனால் இன்றைய நிலப்பயன்பாட்டை மட்டுமன்றி, ஒப்புதல் பெற்ற திட்டங்கள் எல்லாம் கட்டி முடிந்த நிலையையும் தனியாக ஓட்டிப் பாருங்கள்.

மழையைக் கொடுக்கும்போது 24 மணி நேரத் தொகையைச் சமமாகப் பங்கிட்டுவிடாதீர்கள். சிறிய வடிநிலத்தில் உச்ச வெள்ளத்தை உண்டாக்குவது நடுவில் வரும் இரண்டு மூன்று மணி நேரக் கொட்டல்தான். 3, 6, 12, 24, 48 மணி நேரம் என வெவ்வேறு கால அளவுகளில் ஓட்டி, எது அதிக மட்டத்தைத் தருகிறதோ அதை எடுங்கள். நகரின் ஒரு பகுதிக்கு 3 மணி நேர மழையும் இன்னொரு பகுதிக்கு 24 மணி நேர மழையும் மோசமாக இருப்பது வழக்கம். மண் ஏற்கெனவே நனைந்திருக்கும் நிலையையும் ஒருமுறை சோதியுங்கள்; பெரிய வெள்ளங்கள் பல, முந்தைய வாரத்து மழையின் மேல் வந்தவை.

நேர மண்டலமும் அலகும் சின்ன விஷயங்கள்போலத் தோன்றும். செயற்கைக்கோள் மழைத் தரவு உலகப் பொது நேரத்திலும் ஆற்று நிலையத் தரவு உள்ளூர் நேரத்திலும் இருந்தால், வெள்ளம் மழைக்கு முன்பே வந்ததுபோல மாடல் காட்டும். ஒரு கன மீட்டருக்கு 35.3 கன அடி. இந்த இரண்டும் ஒரே அட்டவணையில் கலந்துவிட்டால் பிறகு கண்டுபிடிப்பது கடினம். எல்லாக் கோப்புகளிலும் அலகைத் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.

படி 3: நிலத்தின் உயரம்

உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும். தண்ணீர் சமன்பாட்டைப் பார்த்து ஓடுவதில்லை, பள்ளத்தைப் பார்த்து ஓடுகிறது.

இலவச உலகளாவிய தரவுகளில் பழையது 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடாரால் எடுக்கப்பட்ட எஸ்.ஆர்.டி.எம். அதைவிடப் புதியதும் மேலானதும் 30 மீட்டர் கட்டங்களில் வரும் ஐரோப்பாவின் கோபர்நிகஸ் உயரத் தரவு. இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு: ரேடார் பார்ப்பது தரையை அல்ல, மரங்களின் தலையையும் வீடுகளின் கூரையையும். அடர்ந்த குடியிருப்பு மேடாகத் தெரியும், மாடலில் நனையவே நனையாது. உண்மையில் அதுதான் முதலில் மூழ்கும். கோபர்நிகஸ் தரவிலிருந்து காட்டையும் கட்டடத்தையும் கழித்துத் தயாரித்த ஃபேப்டெம் என்ற பதிப்பு இந்தக் குறையைப் பெருமளவு குறைக்கிறது. இருந்தும் தட்டையான நகரத்தில் மீட்டர் கணக்கில் பிழை மிஞ்சும்.

தெரு அளவில் பேச வேண்டுமானால் விமானத்திலிருந்தோ ட்ரோனிலிருந்தோ எடுத்த லைடார் (லேசர் கதிரைப் பாய்ச்சி, அது பட்டுத் திரும்பும் புள்ளிகளின் உயரத்தை அளக்கும் முறை) வேண்டும். நன்றாகச் செய்யப்பட்ட லைடாரில் உயரப் பிழை 10 முதல் 15 செ.மீ. அளவில் நிற்கும். 1 மீட்டர் கட்டமாகத் தரச் சொல்லுங்கள். வகைப்படுத்தாத புள்ளிகளையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். தானாகத் தரையைப் பிரிக்கும் நிரல், பாலத்தை விட்டுவைத்து ஆற்றை அடைத்துவிடுவதும், மெல்லிய வெள்ளச் சுவரை மரமென்று நினைத்து அழித்துவிடுவதும் சாதாரணமாக நடக்கும். அப்போது மூலப் புள்ளிகள் கையில் இருந்தால்தான் திருத்த முடியும்.

உயரத்தின் பூஜ்யம் எது என்பதில் நடக்கும் பிழை மிகவும் கொடியது. ஜி.பி.எஸ். தருவது நீள்வட்டகப் பரப்பிலிருந்து, அதாவது பூமியின் வடிவத்துக்குக் கணக்கில் வைத்துக்கொண்ட வழுவழுப்பான பரப்பிலிருந்து, அளந்த உயரம். அளவு நிலையமும் அணையும் பேசுவது சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளந்த உயரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும்; இந்தியப் பெருங்கடலின் ஒரு பகுதியில் அது 100 மீட்டரையும் தாண்டுகிறது. அவ்வளவு பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும். ஆனால் எஸ்.ஆர்.டி.எம். பயன்படுத்தும் இ.ஜி.எம். 96, கோபர்நிகஸ் பயன்படுத்தும் இ.ஜி.எம். 2008 என்ற இரண்டு கடல்மட்டக் கணக்குகள், உள்ளூர் நில அளவைத் துறை உயரம் குறித்து நட்டுவைத்த மட்டக்குறிகள் ஆகியவற்றுக்கு இடையே வரும் அரை மீட்டர், ஒரு மீட்டர் வித்தியாசம் கண்ணில் படாது. ஆகவே களத்தில் உறுதியான 20, 30 இடங்களைத் தேர்ந்து, சாலைச் சந்திப்பு, பாலத்தின் மேல்தளம், பள்ளி வாசல் என, மட்டக்குறியிலிருந்து அளந்து உயரத் தரவோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால் பூஜ்யப் பிழை, கழித்துவிடலாம். தாறுமாறாக இருந்தால் தரவே மோசம்.

படி 4: தண்ணீருக்கு அடியில் இருப்பதும், தண்ணீரை மறிப்பதும்

வழக்கமான லைடாரின் அகச்சிவப்புக் கதிரைத் தண்ணீர் விழுங்கிவிடும். ஆகவே உயரத் தரவில் ஆறு ஓடும் இடத்தில் தெரிவது அன்றைய நீர்ப்பரப்பு, அடிமட்டம் அல்ல. இதைக் கவனிக்காமல் மாடலை ஓட்டினால், நான்கு மீட்டர் ஆழ ஆறு ஒரு மீட்டர் ஆழ வாய்க்காலாகி, சாதாரண ஓட்டத்துக்கே நகரம் மூழ்கும். அதைப் பார்த்துவிட்டு உராய்வைக் குறைத்து 'சரிசெய்கிற' வேலை அடிக்கடி நடக்கிறது. அப்படிச் செய்த மாடல் பிறகு எந்த வெள்ளத்துக்கும் சரியாக வராது.

செய்ய வேண்டியது குறுக்குவெட்டு அளவை. ஆழமான ஆற்றில் படகில் எதிரொலி மானி, ஆழமற்ற இடத்தில் அளவுகோலுடன் ஆள் இறங்கி அளப்பது. நகருக்குள் 100 முதல் 200 மீட்டருக்கு ஒன்று, வெளியே 500 மீட்டருக்கு ஒன்று என்பது நல்ல தொடக்கம். அகலம் சட்டென்று மாறும் இடம், வளைவு, துணையாறு சேரும் இடம், ஒவ்வொரு பாலத்துக்கும் முன்னும் பின்னும் கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு வெட்டும் ஒரு கரையின் உச்சியில் தொடங்கி மறுகரையின் உச்சியைத் தாண்டி முடிய வேண்டும். கரையின் உச்சி எங்கே தாழ்வாக இருக்கிறது என்பதைத் தனியாக நடந்துபோய் அளப்பது இன்னும் முக்கியம். ஊருக்குள் தண்ணீர் நுழைவது சராசரி உயரத்தில் அல்ல, மாடு இறங்கி இறங்கித் தேய்ந்த அந்த ஒரு பள்ளத்தில்தான்.

பாலங்களுக்கு ஐந்து அளவுகள் எடுங்கள்: அடிப்பலகையின் கீழ்மட்டம், மேல்தளத்தின் மட்டம், கைப்பிடிச் சுவரின் உயரம், தூண்களின் எண்ணிக்கையும் அகலமும், இரு பக்க அணைப்புச் சுவர்களுக்கு இடையிலான அகலம். தண்ணீர் அடிப்பலகையைத் தொட்டதும் பாலம் அணையாக மாறத் தொடங்குகிறது. மரக்கிளையும் குப்பையும் தூண்களில் சிக்கினால் இன்னும் சீக்கிரம் மாறும். ஆகவே திறப்பில் 25%, 50% அடைபட்ட நிலைகளையும் ஓட்டிப் பாருங்கள். சாலைக்கு அடியில் போகும் சிறுபாலக் குழாய்களை விட்டுவிடாதீர்கள். அவை மாடலில் இல்லாவிட்டால் சாலைமேடு முழு அணையாகிவிடும். அவை நிஜத்தில் மண்மூடிக் கிடந்தால், திறந்திருப்பதாக வைப்பதும் தவறுதான். போய்ப் பார்க்காமல் தெரியாது.

படி 5: ஒரு பரிமாணமா, இரு பரிமாணமா?

ஒரு பரிமாண மாடல் ஆற்றை வரிசையான குறுக்குவெட்டுகளாகப் பார்க்கிறது. தண்ணீர் ஆற்றின் போக்கிலேயே போகும், ஒரு வெட்டு முழுவதும் மட்டம் ஒன்றே என்று வைத்துக்கொள்கிறது. கரைக்குள் ஓடும் நீண்ட ஆற்றுக்கு இது போதும்; கணினியில் சில நொடிகளில் கணக்கு முடியும். கரை தாண்டித் தெருத்தெருவாகப் பிரியும் தண்ணீருக்கு இரு பரிமாணம் வேண்டும். நகரத்துக்கு இரண்டையும் இணைப்பதோ, ஆற்றின் அடிமட்டத்தை உயரத் தரவில் பதித்து முழுவதும் இரு பரிமாணமாக ஓட்டுவதோ நல்லது. இலவசமாகக் கிடைப்பவற்றில், ஹெக்-எச்.எம்.எஸ். தரும் அதே மையத்தின் ஆற்று மென்பொருளான ஹெக்-ராஸ் 2016இல் வந்த 5.0 பதிப்பு முதல் இரு பரிமாணக் கணக்கைச் செய்கிறது, ஆவணங்கள் விரிவானவை, தொடங்குவோருக்கு அதையே பரிந்துரைக்கலாம். டெலிமாக், லிஸ்ஃப்ளட்-எஃப்.பி. ஆகியவையும் நல்லவை. நிலத்தடி மழைநீர் வடிகால்களே பிரச்சினை என்றால் ஸ்வம் என்ற வடிகால் மாடலையும் சேர்க்க வேண்டியிருக்கும். ஆறு நிரம்பியிருக்கும்போது வடிகாலின் வாய் நீருக்கடியில் போய்விடும். தடுப்புக் கதவு இல்லையென்றால் ஆற்றுநீரே வடிகால் வழியாகத் தெருவுக்கு வரும். கரை உடையாமலே ஊர் மூழ்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

படி 6: கட்டங்களும் கால இடைவெளியும்

மாடல் நிலத்தைச் சிறு கட்டங்களாகவும் நேரத்தைச் சிறு இடைவெளிகளாகவும் பிரித்துக் கணக்கிடுகிறது. ஆற்றுக்குள் குறைந்தது ஐந்தாறு கட்டங்களாவது அகலத்தில் அடங்க வேண்டும். 60 மீட்டர் அகல ஆற்றுக்கு 10 மீட்டர் கட்டம் சரி. தெருக்களில் 5 மீட்டர், வயல்வெளியில் 30 முதல் 50 மீட்டர் என்று மாற்றி வைக்கலாம். எல்லா இடத்திலும் சின்னதாக வைக்கும் ஆசை வேண்டாம்: கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்கு, கால இடைவெளியும் பாதியாக வேண்டும், ஆக வேலை எட்டு மடங்கு.

கரை, சாலைமேடு, ரயில்பாதை மேடு, வெள்ளச் சுவர் ஒவ்வொன்றின் உச்சியிலும் பிரேக்லைன் என்ற கோட்டை வரைந்து, கட்டங்களின் ஓரம் அந்தக் கோட்டில் உட்காரும்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் மேடு ஒரு கட்டத்தின் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் நிரம்பிய தண்ணீர் மேட்டைத் தாண்டாமலே மறுபக்கத்தில் தோன்றும். வரைபடத்தில் கரைக்குப் பின்னால் துண்டுதுண்டாக, ஆற்றோடு தொடர்பில்லாத ஈரம் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தக் கசிவைத்தான்.

கால இடைவெளிக்கு 1928இல் கூரன்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி மூவரும் தந்த நிபந்தனை வழிகாட்டும்: ஓர் இடைவெளியில் அலை ஒரு கட்டத்துக்கு மேல் தாண்டக் கூடாது. நான்கு மீட்டர் ஆழத்தில் அலை விநாடிக்கு 6.3 மீட்டர் வேகத்தில் போகும். நீரோட்டம் 2 மீட்டர் என்றால் மொத்தம் 8.3. 10 மீட்டர் கட்டத்துக்கு இடைவெளி சுமார் 1.2 விநாடி. சில தீர்வு முறைகள் இதைவிடப் பெரிய இடைவெளியையும் தாங்கும். அவற்றிலும் இடைவெளியைப் பாதியாக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உச்ச மட்டம் மாறாவிட்டால் போதுமானது. மாறினால் இன்னும் குறையுங்கள்.

படி 7: உராய்வு

மேனிங் எண் என்ற ஒற்றை எண்ணில் ஆற்றின் கரடுமுரடு முழுவதும் அடங்குகிறது. வழுவழுப்பான கான்கிரீட் வாய்க்காலுக்கு 0.013 முதல் 0.015, சுத்தமான நேரான இயற்கை ஆற்றுக்கு 0.03 அளவில், களையும் வளைவும் உள்ள ஆற்றுக்கு 0.045 முதல் 0.07, குட்டைப் புல்வெளிக்கு 0.03, அடர்ந்த புதருக்கும் மரத்துக்கும் 0.1க்கு மேல். இதன் பலத்தை ஒரு கைக்கணக்கில் பாருங்கள். 60 மீட்டர் அகலம், 4 மீட்டர் ஆழம், கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சரிவு, எண் 0.035 என்றால் ஆறு விநாடிக்கு சுமார் 355 கன மீட்டரைக் கடத்தும். ஆகாயத்தாமரையும் நாணலும் மண்டி எண் 0.05 ஆனால் அதே ஓட்டத்துக்கு 5 மீட்டர் ஆழம் வேண்டும். முழுதாக ஒரு மீட்டர் உயர்வு! ஆற்றைச் சுத்தமாக வைத்திருப்பதன் மதிப்பை நகர மன்றத்துக்குச் சொல்ல இதைவிடத் தெளிவான எண் கிடைக்காது.

கட்டடங்களை மூன்று விதமாகக் காட்டலாம்: தரையை உயர்த்தித் தண்ணீர் புகாத திண்டாக்குவது, கட்டங்களையே நீக்கிவிடுவது, அல்லது அந்த இடத்தில் உராய்வை மிக அதிகமாக வைப்பது. தெருவில் வேகம் எவ்வளவு என்று தெரிய முதல் இரண்டும் நல்லவை; ஆனால் வீட்டுக்குள் நிரம்பும் தண்ணீரை அவை கணக்கில் எடுப்பதில்லை. தேங்கும் அளவு முக்கியமென்றால் மூன்றாவது.

படி 8: எல்லைகள்

மாடலின் மேல் எல்லையில், அதாவது ஆறு மாடலுக்குள் நுழையும் இடத்தில், படி 2இல் கிடைத்த ஓட்டத்தை நேரத்துக்கு நேரம் கொடுக்கிறீர்கள். கவனம் தேவைப்படுவது ஆறு வெளியேறும் கீழ் எல்லைக்குத்தான். அங்கே நீங்கள் வைக்கும் மட்டம் மேல்நோக்கி வெகுதூரம் பாதிக்கும். அந்தத் தூரத்தைத் தோராயமாக அறிய, ஆழத்தை 0.7ஆல் பெருக்கிச் சரிவால் வகுங்கள்: 4 மீட்டர் ஆழம், 0.0005 சரிவுக்கு 5.6 கி.மீ. ஆகவே நகரத்தின் கடைசித் தெருவிலிருந்து குறைந்தது அவ்வளவு தூரம் கீழே கொண்டுபோய் மாடலை முடியுங்கள். கடலில் சேரும் ஆறென்றால் ஓதத்தின் ஏற்ற இறக்கத்தையே எல்லையாகக் கொடுங்கள். வெள்ள உச்சமும் உயர் ஓதமும் ஒன்றாக வரும் நிலை, அதோடு புயல் அலையேற்றமும் சேரும் நிலை இரண்டையும் தனித்தனியாக ஓட்ட வேண்டும்.

மேலே அணை இருந்தால் அதன் இயக்க விதியும் ஓர் எல்லைதான். நிரம்பிய அணைக்கு வெள்ளம் வந்தால் வருவது அப்படியே போகும். பாதி காலியாக இருக்கும் என்று வைத்துக்கொள்வது ஒரு நம்பிக்கை மட்டுமே. இரண்டு நிலைகளையும் காட்டுங்கள்.

படி 9: மாடலை முதல்முறை ஓட்டியதும் விடையைச் சந்தேகியுங்கள்

முதலில் மழைக்காலத்துக்கு முந்தைய சாதாரண ஓட்டத்தைக் கொடுத்து, ஆறு நிலையாகும்வரை ஓட்டிவிட்டு அதன்மேல் வெள்ளத்தை விடுங்கள். முடிந்ததும் பார்க்க வேண்டியவை: உள்ளே வந்த நீர், வெளியே போன நீர், தங்கிய நீர் ஆகியவற்றின் கணக்கு 1%க்குள் ஒத்துப்போக வேண்டும். வேகம் எங்காவது விநாடிக்கு 6, 7 மீட்டர் என்று காட்டினால் பெரும்பாலும் அது கட்டப் பிழை. மட்டம் பல்சக்கரம்போல ஏறி இறங்கினால் கால இடைவெளி பெரிது. நீர் மாடலின் ஓரத்தைத் தொட்டு அங்கே சுவரில் முட்டியதுபோல நின்றால் மாடலின் பரப்பு போதவில்லை. ஒரு குறுக்குவெட்டை எடுத்து மேலே செய்ததுபோல மேனிங் கைக்கணக்குப் போட்டுப் பாருங்கள்; மாடலும் கைக்கணக்கும் 20%க்கு மேல் விலகினால் காரணம் தெரியாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 10: நடந்த வெள்ளத்தோடு ஒப்பிடுதல்

குறைந்தது இரண்டு பழைய வெள்ளங்கள் வேண்டும். ஒன்றை வைத்து உராய்வைச் சரிசெய்யுங்கள். இரண்டாவதில் எதையும் தொடாமல் ஓட்டிப் பாருங்கள். நகரத் திட்டத்துக்கு உச்ச மட்டம் 30 செ.மீ.க்குள்ளும், உச்சம் வரும் நேரம் ஒரு மணிக்குள்ளும் பொருந்துவதை இலக்காக வையுங்கள். நேரத்துக்கு நேரம் மாறும் ஓட்டத்தை வரைந்த கோடு, அளந்த கோட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதை நாஷ்–சட்க்ளிஃப் எண்ணால் அளக்கலாம்: 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் சராசரியைச் சொல்லியிருந்தாலும் இதே தரம்தான்.

சுவர்களில் இருக்கும் வெள்ளக் கறைகள் விலைமதிப்பற்ற சாட்சிகள். ஆனால் எல்லாக் கறையும் சமமல்ல. ஓட்டத்தை எதிர்கொண்டு நிற்கும் பாலத்தூணில் தண்ணீர் முட்டி ஏறும். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் அந்த ஏற்றம் சுமார் 20 செ.மீ. வீட்டுக்குள் அமைதியாக நின்ற தண்ணீர் விட்டுப்போன கோடுதான் நம்பகமானது. பெரியவர்களிடம் கேளுங்கள், சுவரில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள், அந்த இடத்தை அளவுக் கருவியால் அளங்கள். 'இடுப்பளவு' என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் பயனில்லை.

சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள் மேகத்தின் ஊடேயும் வெள்ளப் பரப்பைக் காட்டும். மாடலும் படமும் சேர்ந்து நனைந்தது என்ற பரப்பை, இரண்டில் ஏதாவது ஒன்றாவது நனைந்தது என்ற பரப்பால் வகுத்தால் ஒரு மதிப்பெண் கிடைக்கும். இரண்டு எச்சரிக்கைகள்: செயற்கைக்கோள் கடந்த நேரம் உச்ச நேரமாக இருக்காது, ஆகவே அந்த மணிக்கான மாடல் பரப்போடு ஒப்பிடுங்கள், கட்டடங்களுக்கு நடுவே ரேடார் அலை எதிரொலித்துக் குழப்புவதால் நகரத்துக்குள் அது வெள்ளத்தைத் தவறவிடும்.

பொருத்துவதற்காகச் சுத்தமான ஆற்றுக்கு 0.08 போன்ற எண் தேவைப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். உராய்வு வேறு ஏதோ ஒரு குற்றத்தைச் சுமக்கிறது: விட்டுப்போன பாலம், தவறான அடிமட்டம், மிகையான ஓட்டம், பூஜ்யப் பிழை. எண்ணை நியாயமான அளவுக்குத் திருப்பிவிட்டு அந்தக் காரணத்தைத் தேடுங்கள்.

படி 11: முடிவெடுப்பவர் கையில் கொடுப்பது

இப்போது 10, 25, 50, 100, 500 ஆண்டு வெள்ளங்களை ஓட்டுங்கள். காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7% அதிக ஈரத்தைத் தாங்கும் என்பதால், மழையை 10, 20, 30% கூட்டிய நிலைகளும் வேண்டும். பிறகு நிச்சயமின்மைக்காக ஓட்டத்தை 20% கூட்டியும் குறைத்தும், உராய்வை 20% கூட்டியும் குறைத்தும், கீழ் எல்லையின் நீர்மட்டத்தை அரை மீட்டர் உயர்த்தியும் ஓட்டுங்கள். ஒவ்வொரு முக்கிய இடத்திலும் மட்டம் எவ்வளவு ஊசலாடுகிறது என்று பார்த்தால், கட்டுமானத்துக்கு எவ்வளவு பாதுகாப்பு உயரம் சேர்ப்பது என்பது தானாகத் தெரியவரும். 20 செ.மீ. ஊசலாடும் இடத்துக்கும் 90 செ.மீ. ஊசலாடும் இடத்துக்கும் ஒரே பாதுகாப்பு உயரம் வைப்பது நியாயமல்ல.

ஆழத்தை மட்டும் வரையாதீர்கள். ஆழத்தை மீட்டரிலும் வேகத்தை விநாடிக்கு மீட்டரிலும் எடுத்துப் பெருக்கிய எண்தான் உயிராபத்தைச் சொல்கிறது. ஆஸ்திரேலிய வழிகாட்டுதல்களின் வகைப்பாட்டில், இந்தப் பெருக்கம் 0.3க்கும் ஆழம் 0.3 மீட்டருக்கும் உள்ளே இருந்தால் பொதுவாகப் பாதுகாப்பு, அதைத் தாண்டினால் சிறிய கார்களுக்கு ஆபத்து, 0.6ஐத் தாண்டினால் பெரியவர்களே நிற்க முடியாது. 1ஐத் தாண்டினால் கட்டடங்களும் சேதமடையலாம். முழங்கால் ஆழம்தான் என்று தோன்றும் சரிவுத் தெரு, இடுப்பளவு நிற்கும் குளத்தங்கரைத் தெருவைவிட ஆபத்தாக இருப்பது இந்த வரைபடத்தில்தான் வெளிப்படும்.

சுவர், மண் நிரப்பல், புதிய பாலம் என எந்தத் திட்டத்துக்கும் 'முன்', 'பின்' என இரண்டு முறை ஓட்டி, மட்ட வித்தியாசத்தை வரைபடமாக்குங்கள். ஒரு கரையில் சுவர் எழுப்பினால் எதிர்க்கரையில் நீர் ஏறும். அந்தக் கரையில் யார் வாழ்கிறார்கள் என்பதையும் அதே வரைபடத்தில் காட்டுங்கள். மண் நிரப்பலுக்கான விண்ணப்பம் ஒவ்வொன்றும் 'ஒரு சென்டிமீட்டர்தான் உயரும்' என்று தனித்தனியாகத் தப்பித்துவிடும். நிலுவையில் உள்ள எல்லா விண்ணப்பங்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒருமுறை ஓட்டினால்தான் உண்மை தெரியும்.

பேரிடர்க் குழுவுக்கு வேறு விதமான வெளியீடு வேண்டும். ஆற்று அளவு நிலையத்தில் ஒவ்வோர் அரை மீட்டருக்கும் ஒரு வரைபடம் முன்கூட்டியே தயாரித்து, அதன் பக்கத்தில் எந்தெந்தத் தெருக்கள், எந்தத் துணைமின் நிலையம், எந்தப் பள்ளி, எந்தச் சாலை எத்தனை மணி நேரத்தில் துண்டிக்கப்படும் என்ற பட்டியலை வையுங்கள். நள்ளிரவில் யாரும் மாடலை ஓட்ட மாட்டார்கள். அளவுகோலைப் பார்த்து அந்தத் தாளைத்தான் புரட்டுவார்கள்.

படி 12: மாடலுக்கு வயதாகும்

ஆறு மணலை இழக்கும், வண்டல் சேர்க்கும், புதுப் பாலம் வரும், கரை தாழும். நகருக்குள் உள்ள குறுக்குவெட்டுகளை ஒவ்வொரு பெரிய வெள்ளத்துக்குப் பின்னும் மீண்டும் அளந்து, உயரத் தரவையும் நிலப்பயன்பாட்டையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பியுங்கள். எந்தத் தரவு எங்கிருந்து, எந்தத் தேதியில், எந்தப் பூஜ்யத்தில் வந்தது என்ற குறிப்பை மாடல் கோப்போடு சேர்த்தே வையுங்கள்.

அடுத்த வெள்ளம் வடியத் தொடங்கும் நாளுக்கு ஒரு சிறு குழுவை இப்போதே பெயர் குறித்து வையுங்கள். சுண்ணாம்பு, நிலையான மை, அளவு நாடா, கேமரா, உயரம் அளக்கும் ஜி.பி.எஸ். கருவி ஆகியவை ஒரு பையில் தயாராக இருக்கட்டும். மக்கள் வீடு திரும்பியதும் முதலில் செய்வது சுவரைக் கழுவுவது. அதற்குள் ஒவ்வொரு தெருவிலும் இரண்டு மூன்று கறைகளையாவது குறித்து, தேதியிட்டு, உயரம் அளந்துவிட வேண்டும்.